தங்கச்சியின் கை பாதியில் நின்றால்

என் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. ஆனாலும் எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிறவள் அவள்தான். நான் அவளுக்கு மூன்று வயது மூத்தவள். நாங்கள் இரண்டு பேரும் சின்னதிலேயே கையால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று அது தானாகச் சேர்ந்துகொண்டே வந்தது. உள்ளங்கையால் உச்சந்தலையில் தட்டிக் காட்டினால் குற்றாலம். அருவி தலையில் விழுகிற மாதிரி. விரல் நுனியால் கண்ணிமையைத் தொட்டால் சாரல். மூக்கின் இடது பக்கத்தைத் தொட்டால் அம்மா. அம்மா போட்டிருந்த மூக்குத்தியை வைத்து. இடுப்பில் கையை ஊன்றி முகத்தைத் தூக்கினால் அது நான். அந்தப் பெயரை எனக்கு அவள்தான் வைத்தாள். நான் திமிர் பிடித்தவளாம். இருந்துவிட்டுப் போகிறேன். ஐந்தருவிப் பக்கம் சீசனுக்குச் சீசன் இட்லிக்கடை போட்டு, யார் முன்னாலும் போய் நிற்காமல் இந்த வயது வரைக்கும் வந்தவள் நான். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

அம்மாவுக்குக்கூட எங்கள் கைப்பேச்சு பாதிதான் தெரியும். அப்பாவுக்குச் சோறு, தண்ணீர், வா, போ, அவ்வளவுதான். முழுசாகத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

கல்யாணமாகி அவள் பம்பாய்க்குப் போய்விட்டாள். நாலைந்து வருஷத்துக்கு ஒருதரம் சீசன் சமயமாகப் பார்த்து வருவாள். பதினைந்து நாள் இருப்பாள். அந்தப் பதினைந்து நாளும் எங்கள் கை ஓயாது. சமையல்கூடத் தாமதமாகும், கரண்டி பிடிக்கக் கை வேண்டுமே. அவள் ரயிலேறிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். போனில் என்னத்தைப் பேச? கடிதம் எழுதலாம் என்றால் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், இதை எழுதுகிற மாதிரி. அவள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை.

அவளுக்கு ஒரே மகன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். எனக்குப் பிள்ளை இல்லாததால் எனக்கும் அவன்தான் மகன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் வந்தபோது தன்னுடைய பழைய லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தான். கறுப்பு நிறம். பொத்தான்களில் இருந்த எழுத்தெல்லாம் பாதி தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் கீல் லேசாக ஆடியது.

"பெரியம்மா, இது பழசுதான். ஆனா ஒங்க ரெண்டு பேருக்கும் இது போதும்" என்றான்.

மூன்று காரியம் சொல்லிக் கொடுத்தான். வட்டப் பொத்தானை அமுக்குவது. போனில் ஓர் அடையாளத்தைத் தொட்டால் அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் போகும், அதைத் தொடுவது. பிறகு பச்சை அடையாளத்தைத் தட்டுவது. ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச்சி முகம் அந்தக் கண்ணாடியில் வந்தது. தோள், மார்பு, இரண்டு கை, எல்லாம் தெரிந்தது. அவள் முதலில் கேட்டது, "இது என்ன, இப்படிப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?" அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்ல சேலை கட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, தகரப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பத்து மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு ஆகிவிடும். முப்பத்தைந்து வருஷத்துப் பாக்கிப் பேச்சு இருந்தது எங்களுக்கு.

அதை நான் எப்படிப் பத்திரமாக வைத்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் வீட்டுக்குள் எதுவும் காயாது. தீப்பெட்டி நமுத்துப்போகும். உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும். பீரோவுக்குள் இருக்கிற சேலையில்கூடப் பூஞ்சை பிடிக்கும். அப்படியொரு சீசனில் அடுத்த வீட்டுக்காரி தன் போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டாள். எடுத்து ஒரு நாள் முழுக்க அரிசிக்குள் புதைத்து வைத்தாள். மறுநாள் அது உயிர் பிழைத்து மணி அடித்தது. அன்றைக்கே நான் தீர்மானம் பண்ணிவிட்டேன். அவள் நனைந்த பிறகு அரிசியில் போட்டாள். நான் நனையும் முன்பே போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் லேப்டாப்பை ஒரு பழைய மல் வேட்டித் துணியில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் நிறுத்தி, சுற்றிலும் அரிசியை ஏற்றி மூடிவிடுவேன். அடுத்த ஞாயிறுதான் வெளியே வரும். மூன்று சீசன் இப்படியே போயிற்று. என் லேப்டாப்பில் ஒரு சொட்டு ஈரம் ஏறியதில்லை.

அடுத்த வீட்டுக்காரி ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"யக்கா, இது என்ன, கம்ப்யூட்டருக்குச் சோறு போடுதியளா?"

"ஒம் போனு சாகக் கெடந்தப்ப எங்கன போட்ட? வாயை மூடிட்டுப் போடி."

"அதுக்கில்ல. அது பசி அடங்கி வெளிய வந்தா ஒங்களுக்குப் பொங்க அரிசி மிச்சம் இருக்குமா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

போன வருஷத்திலிருந்து லேப்டாப் மெதுவாகிவிட்டது. வட்டப் பொத்தானை அமுக்கிவிட்டு உலை வைப்பேன். உலை கொதிக்கும்போதுதான் அது கண்ணைத் திறக்கும். வயதாகிவிட்டது, என்னைப் போலத்தான் அதுவும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு உள்ளிருந்து இரைச்சல் வர ஆரம்பித்தது. அடியில் கை வைத்தால் சுட்டது. அதற்கும் பிறகுதான் படம் நிற்க ஆரம்பித்தது. தங்கச்சி கையைத் தூக்குவாள்; தூக்கின கை அப்படியே நிற்கும். கண் பாதி மூடியபடி, வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு திடீரென்று குதித்து வேறு எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். நடுவில் போனது போனதுதான். வாயால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரலாவது கேட்கும். எங்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது.

இந்த ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை மகன் போன் பண்ணினான். குரலே சரியில்லை.

"பெரியம்மா, அம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி. எடுத்துரணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நாள் கடத்தக் கூடாதாம். வாற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை ஆபரேஷன். ஆனா அம்மா வரமாட்டேங்கா."

"ஏம்லே? என்ன சொல்லுதா?"

"என்ன சொல்லுதான்னுதான் எங்களுக்குத் தெரியலையே. ஆஸ்பத்திரின்னு கையைக் காட்டினாலே பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிடுதா. அவளைத் தூக்கிட்டா போகமுடியும்? நீங்க சொன்னாத்தான் கேப்பா."

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் அம்மா வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தங்கச்சிக்கு அப்போது பதினொரு வயது. வாசலில் நின்று பார்த்தவள். அந்தப் பயம்தான் என்று வைத்துக்கொண்டேன். அதை எடுத்துச் சொன்னால் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அவள் முதலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். படம் நின்றுவிட்டது. மறுபடி வந்ததும் நான் என் பேச்சை எடுத்தேன். வயிற்றைத் தொட்டேன். கையை முஷ்டியாக்கி உள்ளே ஒரு கல் இருக்கிறது என்று காட்டினேன். உள்ளங்கையின் ஓரத்தால் வயிற்றின் குறுக்கே கோடு இழுத்தேன். பிறகு முஷ்டியை வெளியே எடுத்து வீசினேன். தைத்தேன். எட்டு விரல் காட்டி, எட்டு நாளில் வீட்டுக்கு வரலாம், சோறு சாப்பிடலாம், அடுத்த சீசனுக்கு இங்கே வந்து அருவியில் குளிக்கலாம் என்று எல்லாம் சொன்னேன். அவள் முகம் அசையவில்லை. உன்னிப்பாகக் கவனிக்கிறாள் என்றிருந்தேன். லேப்டாப் கிரைண்டர் மாதிரி இரைந்தது. பிறகு கறுப்பாகிவிட்டது.

உடனே போன் வந்தது.

"பெரியம்மா, நீங்க வயித்தை அறுக்குத மாதிரி கையை வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டிய. ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் ஒண்ணும் வரலை. அம்மா பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. இப்ப சாப்பிடவும் மாட்டேங்கா."

வெட்டுவதை மட்டும் காட்டிவிட்டு நின்றிருக்கிறேன், அதுவும் இரண்டு நிமிஷம். மற்றவர்கள் யாராவது காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா காட்டினாள் என்றால் அவள் என்ன நினைத்திருப்பாள்?

அந்த வாரம் நானும் லேப்டாப்புமாகத்தான் கிடந்தோம். மகன் பம்பாயிலிருந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க பெரியம்மா."

"பண்ணிட்டம்லே."

"அடியில ரெண்டு பக்கமும் தள்ளிவிட்டா பேட்டரி கழண்டு வரும். கழத்தி மாட்டுங்க."

"மாட்டியாச்சு. இப்பவும் அப்படியேதான் நிக்கி."

"கீழ ஏதாவது வச்சு ஒசத்தி வைங்க. காத்துப் போகட்டும்."

இரண்டு மணையை வைத்து உயர்த்தினேன். அடுத்த வீட்டுக்காரி தன் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதற்கு நேரே திருப்பி வைத்தாள். "மாப்பிள்ளைக்குக்கூட நான் இப்படி வீசினதில்லை" என்றாள். அப்படியும் புதன்கிழமை அரை நிமிஷம் ஓடி நின்றது. வியாழக்கிழமை தங்கச்சி முகம் வந்தது, கையைத் தூக்கினாள், நின்றது. ஒவ்வொரு தடவையும் முடிந்த பிறகு, பாவம் ரொம்ப உழைத்துவிட்டது, சூடாறட்டும் என்று நான் அதை அரிசி டிரம்முக்குள்தான் வைத்தேன். இன்னும் கொஞ்சம் ஆழமாகவே வைத்தேன். வெள்ளிக்கிழமை அது திறக்கவே இல்லை.

போனில் படம் பார்க்கலாமே என்று மகன் கேட்டான். பார்த்தேன். அவள் விரல் எறும்புக் கால் மாதிரி தெரிந்தது. என் கண்ணுக்கு அது போதாது. குற்றாலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது, அங்கே போகலாம் என்றாள் அடுத்த வீட்டுக்காரி. நாலு பேர் ஜெராக்ஸ் எடுக்க நிற்கிற இடத்தில் என் தங்கச்சி வயிற்றைப் பற்றி நான் கையை ஆட்டிக்கொண்டிருக்க முடியுமா? எங்கள் பேச்சை ரகசியமாகப் பேச முடியாது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைக் கட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு பாலிதீன் உறையைப் போட்டு, தென்காசிக்கு பஸ் ஏறினேன். சாரல் விடாமல் அடித்தது. பையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் "பிள்ளைக்குத் தூக்கமா?" என்று எட்டிப் பார்த்தாள். ஆமாம் என்றேன். தூங்கத்தானே செய்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், லேப்டாப் ரிப்பேர் கடை. மேலே ஏறி மூச்சு வாங்க நின்றேன். உள்ளே நாற்பது வயதிருக்கும், ஒரு பெண், தலையில் சின்ன லைட்டை மாட்டிக்கொண்டு எதையோ ஈயத்தால் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி இல்லையாம்மா?" என்றேன்.

"எந்த அண்ணாச்சி?"

"ரிப்பேர் பாக்குத அண்ணாச்சி."

"இங்கன அண்ணாச்சி கெடையாது ஆச்சி. நாந்தான். உக்காருங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒற்றைப் பொம்பளையாகக் கடை நடத்தினவள் நானே இப்படிக் கேட்கலாமா?

விஷயத்தைச் சொன்னேன். மெதுவாகப் போகிறது, நின்றுபோகிறது, இப்போது திறக்கவே இல்லை என்றேன்.

"வச்சுட்டுப் போங்க ஆச்சி. செவ்வாய்க்கிழமை வாங்க."

"நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு வேணும்."

"ஆச்சி, எனக்கு முன்னாலேயே ஏழெட்டு இருக்கு. பாத்தியள்லா?"

நான் எதற்கும் யாரிடமும் கெஞ்சினதில்லை. கெஞ்சவும் தெரியாது. அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தங்கச்சிக்குக் காது கேட்காது, திங்கட்கிழமை ஆபரேஷன், என் கையை அவள் பார்த்தால்தான் போவாள், போன ஞாயிறு வெட்டுகிற இடத்தில் படம் நின்றுவிட்டது. அவ்வளவுதான் சொன்னேன். அவள் தலையிலிருந்த லைட்டைக் கழற்றி, சேலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மேஜையில் இருந்ததை ஒதுக்கினாள்.

"எடுங்க பாப்போம்."

கவிழ்த்துப் போட்டுத் திருகாணியை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு மூடிக்குள் போட்டாள். அடிப்பலகையைத் தூக்கினாள். தூக்கினவள் அப்படியே நின்றாள். பிறகு கவிழ்த்து மெதுவாகத் தட்டினாள். கலகலவென்று கொஞ்சம் மேஜையில் விழுந்தது.

"ஆச்சி," என்றாள், "இது பச்சரிசியா, புழுங்கலரிசியா?"

நான் மேஜையில் விழுந்ததைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"சும்மா சொல்லுங்க."

"புழுங்கல்தான்" என்றேன். "பச்சரிசி நான் பொங்கலுக்குத்தான் வாங்குதது. ஆனா இது எப்படி இதுக்குள்ள வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது. ஒரு சின்னக் குச்சியால் உள்ளே காட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு விசிறி. அதன் இதழ் ஒன்றும் தெரியவில்லை. தவிட்டுத் தூசி மெழுகின மாதிரி அப்பியிருந்தது. காற்று வெளியே போகிற இடத்தில் செம்புத் தகடு வரிசை வரிசையாக இருக்குமாம். அது முழுக்க மாவு அடைத்துச் சுவர் மாதிரி இருந்தது. ஓர் அரிசி வண்டு அதன் மேல் நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

"இது எத்தனை வருஷமாக் குடியிருக்கோ" என்றாள்.

எனக்குப் பொய் சொல்ல முடியவில்லை. "அரிசி டிரம்முக்குள்ளதாம்மா வச்சிருந்தேன்" என்றேன். "ஈரம் ஏறிரக் கூடாதுன்னு. அதுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதாம்மா."

சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வாரம் முழுக்க அது சூடு தாங்காமல் நின்றுபோக, நான் அதை இன்னும் ஆழமாகத் தவிட்டுக்குள் அமுக்கியிருக்கிறேன். தங்கச்சி கையைப் பாதியில் நிறுத்தினது நானேதான்.

"ஈரம் ஏறலை ஆச்சி. அது உண்மை" என்றாள் அவள். "இங்கன சீசனுக்கு வாற லேப்டாப்பெல்லாம் உள்ள பச்சை பூத்து வரும். ஒங்களது ஒண்ணுலதான் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. தவிடுதான் காத்தை அடைச்சுட்டு. உள்ள சூடு கூடினா இது தன்னைக் காப்பாத்திக்கிட வேலையைக் கொறைச்சுக்கிடும். அப்பமும் ஆறலைன்னா அப்படியே நின்னுரும். இதுக்கு வயசானது பாதிதான் காரணம். மீதி தவிடு."

பெயின்ட் பிரஷ் மாதிரி ஒன்றால் துடைத்தாள். ஊதுகிற மெஷினை வைத்து ஊதினாள். கடை முழுக்க ரைஸ் மில் வாசம் வந்தது. உள்ளே காய்ந்துபோயிருந்த ஏதோ பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசாக வெள்ளைப் பசை ஒரு பொட்டு வைத்தாள். விசிறிக்கு ஒரு துளி எண்ணெய். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் அவள் மேஜை ஓரத்தில் மூடியபடியே இருந்தது. நான் அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடச் சொன்னேன். "இருக்கட்டும் ஆச்சி, எங்கன ஓடிரப் போகுது" என்றாள்.

மூடி, வட்டப் பொத்தானை அமுக்கினாள். திறந்தது. சத்தமே இல்லை. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. "ஆன் பண்ணின ஒடனே இருபது ப்ரோக்ராம் கூடவே முழிச்சுக்கிடுது. ஒங்களுக்கு வேணுங்கிறது ஒண்ணே ஒண்ணு. மத்ததைத் தூங்க வச்சுருதேன்" என்று ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பழைய ஆபீஸ் சாமான்களை எல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டு அழித்தாள். எனக்கு எதுவும் வேண்டாம், பச்சை அடையாளம் மட்டும் இருக்கட்டும் என்றேன்.

"இப்ப சோதிச்சுப் பாக்கணும். நான் போனை எடுத்துக்கிட்டுக் கீழ படியில போய் நிக்கேன். நீங்க இங்கன இருந்து பேசிப் பாருங்க. நின்னுச்சுன்னா சொல்லுங்க."

"வாயால பேசிச் சோதிக்கக் கூடாதும்மா" என்றேன். "கையால பேசணும்."

அவளுக்கு மூன்று சொல் காட்டிக் கொடுத்தேன். குற்றாலம், சாரல், சாப்பிட வா. அவள் கீழே படியில் நின்று போனைச் சுவரில் சாய்த்து வைத்து, போகிற வருகிறவர்கள் பார்க்க உச்சந்தலையில் தட்டினாள், இமையைத் தொட்டாள், சாப்பிட வா என்று கூப்பிட்டாள். அரை மணி நேரம். ஒருதரம்கூட நிற்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். மேலே வந்தவளைப் பார்த்து நானும் அதே கையைக் காட்டினேன். சாப்பிட வா. அப்போதுதான் உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தகரப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்தேன். அங்கே மகனும் மருமகளும் தங்கச்சியை இரண்டு பக்கமும் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

நான் மறுபடியும் ஆரம்பித்தேன். வயிறு, கல், கோடு, எடுப்பது, வீசுவது, தைப்பது, எட்டு நாள், வீடு. இந்தத் தடவை முழுசும் போய்ச் சேர்ந்தது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். முடிந்ததும் என்னைப் பார்த்துத் திரும்பி, கையை உதறினாள். "எனக்கு அது தெரியும்" என்றாள்.

நான் திகைத்துவிட்டேன். "அம்மா போன மாதிரி நீ போகமாட்டாய்" என்று மூக்கைத் தொட்டுச் சொன்னேன்.

"அதுவும் தெரியும். வெட்டினால் வெட்டட்டும்."

"அப்புறம் என்ன?"

அவள் சேலை முந்தானையை எடுத்தாள். ஒரு கையின் மணிக்கட்டில் சுற்றினாள். மறு கையையும் சேர்த்து வைத்து, பல்லால் கடித்து இழுத்துக் கட்டினாள். கட்டின கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இப்படி ஒன்று எங்கள் பேச்சில் கிடையாது. எனக்குப் புரியவில்லை. அவள் கட்டை அவிழ்த்து, மடியில் ஒரு குழந்தையை ஆட்டிக் காட்டி, பக்கத்தில் இருந்த மகனைத் தொட்டாள். மறுபடி மணிக்கட்டைக் கட்டினாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

இவன் பிறந்த சமயம். அதுவரைக்கும் எனக்குத் தெரியாத கதை. வலியில் கையைக் காலை உதறினாள் என்று அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்களாம். ஒரு பகல் முழுக்க. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியவில்லை. கட்டு இறுக்குகிறது என்று சொல்ல முடியவில்லை. பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்க முடியவில்லை. அழுத குழந்தையின் சத்தமும் அவளுக்குக் கேட்காது. உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாமல் கிடந்திருக்கிறாள். சீசன் கூட்டத்தில் கடையை உடனே மூட முடியாமல் நான் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். அப்போது கட்டு இல்லை. அவளும் சொல்லவில்லை.

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று விரலைக் காட்டினாள். "இப்போது மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் நீ கல் மாதிரி உட்கார்ந்திருந்தாய். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை." இடுப்பில் கையை ஊன்றி முகத்தைத் தூக்கிக் காட்டினாள். திமிர் பிடித்தவள்.

அவள் பக்கத்திலும் என் படம் நின்றிருக்கிறது. அவள் தன் கையைக் கட்டிக் காட்டக் காட்ட, அக்கா முகம் ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் லேப்டாப்பின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டேன். பிறகு அழுதேன். நன்றாகக் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அழுதேன், அவள் பார்க்கட்டும் என்று.

மகனுக்கு வாயால் சொன்னேன்.

"ஏலே, ஒங்கம்மா கத்திக்குப் பயப்படலை. கையைக் கட்டிப் போட்டுருவாங்கன்னு பயப்படுதா. அவளுக்கு அது வாயைப் பொத்துத மாதிரிலே. போய் அந்த டாக்டர்ட்ட பேசு. இப்பமே பேசு."

அவன் எழுந்து வெளியே போய்ப் போனில் பேசினான். அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தோம். படம் நிற்கவில்லை. அவள் மூச்சு விடுவதுகூடத் தெரிந்தது.

அவன் வந்து சொன்னான். "மயக்க மருந்து குடுத்து அம்மா தூங்கின பொறவு கை அசையாம இருக்க லேசாக் கட்டத்தான் வேணுமாம் பெரியம்மா. ஆனா முழிக்கும் முன்னால அவுத்துருவோம்னு டாக்டரம்மா சொல்லுதாங்க."

இதை மறைத்துவிடுங்கள், கட்டவே மாட்டார்கள் என்று சொல்லுங்கள் என்றாள் மருமகள். நல்ல பிள்ளைதான், பயத்தில் சொன்னாள். நான் முடியாது என்றேன். நாக்கால் சொல்லுகிற பொய்யை முகம் மறைத்துக்கொள்ளும். எங்கள் பேச்சில் முகமும் சேர்ந்துதான் பேச வேண்டும்.

உள்ளதைச் சொன்னேன். தூங்கின பிறகு கட்டுவார்கள். எழுந்திருக்கும் முன்னால் அவிழ்ப்பார்கள். டாக்டரும் ஒரு பெண்தான். அவள் சத்தியம் பண்ணியிருக்கிறாள். தங்கச்சி தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "நான் கண்ணைத் திறக்கும்போது யார் இருப்பார்கள்?"

"உன் மகன் இருப்பான். அவன் கையில் நான் இருப்பேன்."

சரி என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு லேப்டாப்பில் அழைப்பு வந்தது. மகன் தன் லேப்டாப்பையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தான். கட்டிலில் தங்கச்சி கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது. உதடு வறண்டிருந்தது. கண்ணைத் திறந்ததும் அவள் மகன் முகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. வலது கையை மெதுவாகத் தூக்கித் தன் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள், நீட்டினாள்.

இடது கையில் ஊசி குத்திக் குழாய் போட்டிருந்தது. அதை அசைக்கக் கூடாது. எங்கள் பேச்சில் பாதிக்கு மேல் இரண்டு கை வேண்டும். அவள் பாதியைக் காட்டிவிட்டு, மறுபாதிக்குக் கை இல்லாமல் தவித்தாள். நான் என் இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஒரு பக்கத்தைக் காட்ட, நான் மறுபக்கத்தைக் காட்டினேன். தண்ணீர் வேண்டும், தரலாமா என்று கேள். வலி, இருக்கிறது. கல், எடுத்தாயிற்றா?

எடுத்தாயிற்று, எடுத்தாயிற்று என்றேன்.

பின்னாலிருந்து ஏதோ குரல் கேட்டது. மகன் குனிந்து சொன்னான். "பெரியம்மா, அம்மா கையை ரொம்ப ஆட்டக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லுதாங்க."

"பேசட்டும்லே" என்றேன். "மெதுவாப் பேசச் சொல்லுதேன். நீ லேப்டாப்பை ஆடாமப் பிடி."